குதிரை ஏறிய வைத்தியர்

"எனக்கு வேகமாப் போகக் கத்துத் தரணும், ராவுத்தரே" என்றார் மாசிலாமணி வைத்தியர்.

மீராசா ராவுத்தர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

வேட்டியில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. தோளில் மருந்துப் பை. கையில் ஒரு செவலைக் குதிரையின் கயிறு. தன் ஊரான ஆனைக்கல்லிலிருந்து இந்தக் குதிரைக் களம் வரைக்கும் வைத்தியர் குதிரையில் வரவில்லை. குதிரைதான் வைத்தியரோடு நடந்து வந்திருந்தது.

பாளையக்காரர்கள் ஆண்ட காலம் அது. பாளையத்துக் குதிரைப்படைக்கு ஆள் பழக்குகிறவர் மீராசா ராவுத்தர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வைத்தியருக்கோ ஐம்பது தாண்டித் தலை பஞ்சாகிவிட்டது. படிக்க வந்தவர் பழக்குகிறவரைவிட மூத்தவராக இருந்ததை அந்தக் களம் அதுவரை கண்டதில்லை.

"எங்க போறதுக்கு வேகம்?" என்றார் ராவுத்தர்.

"தேனூத்துக்கு. மலைக்கு அந்தப் பக்கம். மக உலகம்மாள அங்கதான் குடுத்திருக்கு. மாசமா இருக்கா."

"சந்தோசம். பேறுகாலத்துக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாமே?"

"வந்தா யாரு பாக்க? அவ அம்மா போய்ச் சேந்துட்டா. என் வீட்டுல ஒரு பொம்பள கெடையாது."

"அப்ப நீங்க அங்க போய்த் தங்குங்க."

வைத்தியர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சம்பந்தி வீட்டுலயா? பொண்ணு குடுத்த வீட்டுல அப்பங்காரன் நாள்கணக்கா உக்காந்து கை நனைச்சா நாலு பேரு என்ன பேசுவான்? அதுவும் போக, இங்க சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் நான் ஒருத்தன்தான் வைத்தியன்."

ராவுத்தர் செவலையின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"போன வருசம் அவளுக்குத் தலைப்பிரசவம்" என்றார் வைத்தியர். "வலி எடுத்துருச்சுன்னு ஆள் வந்துச்சு. ஓடுனேன். மலை ஏறி, மலை எறங்கி, நிக்காம ஓடுனேன். பிந்திட்டேன். புள்ள தங்கல."

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிழைக்க வைத்தவர். சொந்தப் பேரப்பிள்ளையைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

"இந்தத் தடவ பிந்தக் கூடாது. அதான் சந்தையில இருந்ததுலேயே வேகமான குதிரையாப் பாத்து வாங்குனேன்."

ராவுத்தர் செவலையின் கால்களைத் தடவிப் பார்த்தார். முதுகைத் தட்டினார்.

"நல்ல குதிரை. வேகமான குதிரைதான். இதுல என்ன குறை?"

"என்னைய விட்டுட்டுப் போயிருது" என்றார் வைத்தியர்.

*

களத்தின் ஓரத்தில் ஒரு வாகை மரம். அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். ராவுத்தரின் பள்ளிக்கூடம் முழுக்க அவ்வளவுதான்.

செவலையை மரத்தில் கட்டிவிட்டு, மைனா என்ற கிழட்டுப் பெண்குதிரைக்குச் சேணம் போட்டார். மைனாவுக்குக் கயிறும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். ராவுத்தர் நாக்கைச் சொடுக்கினால் களத்தைச் சுற்றி ஓடும். மறுபடி சொடுக்கினால் நிற்கும்.

"பையக் கழட்டுங்க" என்றார்.

"மருந்தெல்லாம் இதுலதான் இருக்கு."

"இங்க யாருக்கும் சீக்கு இல்ல."

வைத்தியர் மனமில்லாமல் பையைக் கிளையில் மாட்டிவிட்டு ஏறினார். ராவுத்தர் கட்டிலில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினார்.

மைனா ஓடத் தொடங்கியது. வைத்தியர் முன்னால் சாய்ந்தார். தாடை பிடரி மயிருக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு முழங்காலும் குதிரையை இறுக்கின. கண் குதிரையின் காதையும் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"வைத்தியரய்யா, குதிரை எங்க இருக்கு?"

"எனக்குக் கீழ."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"குதிரைக்கு மேல."

"இல்ல. நீங்க தேனூத்துல இருக்கீங்க."

ராவுத்தர் மறுபடி நாக்கைச் சொடுக்கினார். மைனா நின்றது. வைத்தியர் நிற்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, புல்லில் காத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து, முனகிக்கொண்டே, மூச்சு வாங்கக் கட்டிலருகே வந்தார்.

ராவுத்தர் வலது கையை நீட்டினார்.

"நாடி பாருங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

நீட்டிய கையைத் தட்டுவது வைத்தியருக்குப் பழக்கமில்லை. மூன்று விரல்களையும் வைத்தார். வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன இது, இந்தத் துள்ளு துள்ளுது! சூடு தலைக்கு ஏறிக் கெடக்கு. சரியாத் தூக்கம் உண்டா?"

"உண்டு."

"அது உங்களுக்குத் தெரியாது. கஷாயம் தாரேன், மறுக்காமக் குடிக்கணும்."

கொடுத்த கஷாயத்தை ராவுத்தர் மறுக்காமல் குடித்தார். வேப்பெண்ணெயைவிடக் கசப்பு. முகம் சுளிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கி வாங்க" என்றார்.

*

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒவ்வொரு நாளும் மைனாவிடமிருந்து விழுந்தார், இல்லையென்றால் விழப்போய்ப் பிழைத்தார். ஒவ்வொரு நாளும் இறங்கிய கையோடு ராவுத்தர் கையை நீட்டினார். ஒவ்வொரு நாளும் வைத்தியர் நாடி பார்த்துத் திடுக்கிட்டார்.

கஷாயத்துக்குக் கேட்கவில்லை என்று சூரணம் கொடுத்தார். சூரணத்துக்கும் மசியவில்லை என்று லேகியம் கிளறிக் கொண்டுவந்தார். ராவுத்தர் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார்.

"ஒரு நாளாவது எப்படி உக்காரணும்னு சொல்றீங்களா?" என்று கடைசியில் வைத்தியர் கோபித்துக்கொண்டார். "மூணு வேளையும் உங்களுக்கு மருந்து அரைச்சே என் கை தேயுது. நான் படிக்க வந்தவனா, வைத்தியம் பாக்க வந்தவனா?"

ராவுத்தர் எழுந்து போய், சேணத்தில் கால் வைக்கிற அங்கவடி இரண்டையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"காலுக்குப் பிடிமானம் வேண்டாமா?" என்றார் மைனா மேல் ஏறிய வைத்தியர்.

"பிடிச்சீங்களே இத்தன நாளா. பிடிச்சு என்ன ஆச்சு?"

வைத்தியர் முழங்காலால் குதிரையை முன்னிலும் இறுக்கினார். இரண்டு விரலால் அமுக்கிய மாங்கொட்டை மேலே வழுக்குமே, அப்படி அவர் சேணத்தைவிட்டு மேலே மேலே வந்தார்.

"இந்தா, இப்ப குதிரை மாயமாப் போச்சுன்னு வைங்க" என்றார் ராவுத்தர். "எது முதல்ல தரையில படும்?"

வைத்தியர் தன் நிலையை யோசித்துப் பார்த்தார்.

"மூக்கு" என்றார்.

அன்றைக்கும் மூக்குதான் பட்டது.

*

ஒரு நாள் காலையில் வைத்தியர் வெள்ளென வந்துவிட்டார். மைனா இன்னும் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. அது தின்று முடிக்கட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று ராவுத்தரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

காற்றில்லாத நாளில் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது நாடி.

வைத்தியருக்கு வாயெல்லாம் பல்.

"கேட்டுருச்சுவே லேகியம்! நான் சொன்னேன்லா?"

"ம்" என்றார் ராவுத்தர்.

அந்தச் சந்தோஷத்தோடே மைனா மேல் ஏறினார். சுற்று வந்தார். தேனூத்து ஞாபகம் வந்தது. சாய்ந்தார். மைனா நின்றது. பிடரியைக் கட்டிக்கொண்டு தொங்கி, ஒரு வழியாக இறங்கிக் கட்டிலுக்கு வந்தார். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ராவுத்தர் கையை நீட்டினார்.

வைத்தியர் விரலை வைத்தார். பதறிப்போனார்.

"பழையபடி துள்ளுதே! இப்பத்தானே நல்லா இருந்துச்சு? இதுக்குள்ள என்ன செஞ்சீங்க? ஓடுனீங்களா? யார்கிட்டயும் சண்டையா?"

"இல்லையே."

"பின்ன என்னதான் செஞ்சீங்க?"

"இந்தக் கட்டில்ல உக்காந்து உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வைத்தியர் இன்னொரு மருந்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

ராவுத்தரின் மணிக்கட்டிலிருந்து விரல்களை மெல்ல எடுத்தார். தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார்.

அதே துள்ளல்.

இத்தனை நாளாக அவர் மருந்து கொடுத்தது தன்னுடைய நெஞ்சடிப்புக்கு. அவர் விரல் நுனியில் துடித்தது அவருடைய ரத்தம். ராவுத்தரின் கை வெறுமனே அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

வைத்தியர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நோயாளி வீட்டுக்கு வைத்தியன் ஓடிப் போகக் கூடாது என்பது அவருடைய தகப்பனார் சொல்லிக் கொடுத்தது. ஓடி வருகிற வைத்தியனைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவான் என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். மாசிலாமணி வைத்தியரும் வாழ்நாள் முழுக்க நடந்துதான் போனார். எந்த ஊருக்கும் நடைதான். ஒரே ஒரு தடவைதான் ஓடினார்.

"பிந்தல" என்றார்.

ராவுத்தர் கட்டிலிலிருந்து இறங்கி எதிரே உட்கார்ந்தார்.

"நான் பிந்தல, ராவுத்தரே. நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டேன். போனதும் எம்மக கையைப் பிடிச்சேன். நாடி இதே மாரித்தான் துள்ளுச்சு. உசுரு போகப்போகுதுன்னு நெனச்சேன். புள்ள சீக்கிரம் வெளிய வரணும்னு வலி கூட்டுற கஷாயத்தக் கொடுத்தேன். வரவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே தள்ளுனேன்."

தன் மூன்று விரலையும் விரித்துப் பார்த்தார்.

"துள்ளுனது அவ நாடி இல்ல."

மைனா வாலால் ஈ ஓட்டிக்கொண்டு நின்றது. ராவுத்தர் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வைத்தியர் தண்ணீரைத் தொடாமல் எழுந்தார். செவலையை அவிழ்க்கவில்லை. கிளையில் தொங்கிய மருந்துப் பையையும் எடுக்கவில்லை. ஆனைக்கல்லைப் பார்த்து வெறுங்கையோடு நடந்தார்.

*

அதன்பிறகு அவர் களத்துக்கு வரவில்லை.

ஆனைக்கல்லில் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். வைத்தியருக்கு உடம்பு சரியில்லை என்று அவரே உள்ளேயிருந்து குரல் கொடுத்து அனுப்பினார்.

ஒரு நாள் வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டவில்லை. உள்ளேயே வந்துவிட்டார்கள்.

ராவுத்தர்தான். தோளில் மருந்துப் பை. வெளியே செவலை நின்றது. வாயில் நுரை. விலா இரண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கின.

ராவுத்தர் வைத்தியருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"பாக்க மாட்டேன்" என்றார் வைத்தியர். "இனிமே யாருக்கும் பாக்க மாட்டேன்."

"இப்ப எங்கயும் ஓடிட்டு வந்தீங்களா?"

"நான் எங்க ஓட? வீட்டுலயேதான் கெடக்கேன்."

"அப்பப் பாருங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இறக்கிக்கொள்கிற உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. வைத்தியர் பெருமூச்சு விட்டு விரலை வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து வாசலில் நின்ற செவலையைப் பார்த்தார்.

"எங்கருந்து வாறீங்க?"

"களத்துல இருந்து. ஒரே பாய்ச்சல்."

"குதிரை இந்த எளப்பு எளைக்குது. உங்க நாடி தூங்கி எந்திரிச்சவன் நாடி மாரி இருக்கு."

"ஓடுனது குதிரைதானே" என்றார் ராவுத்தர்.

வைத்தியர் விரலை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே செவலையின் மூச்சு மெல்ல அடங்கியது.

"எம்மககிட்ட இதச் சொல்லணும்" என்றார் வைத்தியர். "சொல்லாம இருக்க முடியாது."

"சொல்லுங்க. அதுக்கும் அங்க போகணும்லா."

வைத்தியர் எழுந்து முகம் கழுவினார். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

*

மறுபடி மைனா. மறுபடி கட்டில்.

இந்தத் தடவை வைத்தியர் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

"குதிரை மேல எப்படி உக்காரணும்?" என்று கேட்டார்.

"நாடி பாக்கும்போது விரல எப்படி வைப்பீங்க?"

"அழுத்தக் கூடாது. அழுத்துனா நாடி அமுங்கிப் போகும். தூக்கவும் கூடாது. தூக்குனா கைக்கு அம்புடாது. வச்சது வச்ச எடத்துல இருக்கணும், அவ்வளவுதான்."

ராவுத்தர் நாக்கைச் சொடுக்கினார்.

மைனா நடந்தது. வைத்தியர் தான் சொன்னதை யோசித்துக்கொண்டே போனார். யோசிக்க யோசிக்க முழங்கால் இரண்டும் இறுக்கத்தை விட்டன. தொடைகள் கீழே இறங்கின. அதோடு இடுப்பும் இறங்கிச் சேணத்தில் அமர்ந்தது.

"கண்ண மூடிக்கோங்க" என்று ராவுத்தரின் குரல் வந்தது.

மூடிக்கொண்டார். இருட்டில் மைனாவின் முதுகு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. வலது பக்கம் ஏறியது. இடது பக்கம் ஏறியது. மறுபடி வலது பக்கம். இத்தனை நாளாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர்தான் ஊரில் இல்லை.

"கையையும் விடுங்க."

அதையும் விட்டார். விழுந்தார்.

ஆனால் இந்தத் தடவை விழுந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

நாட்கள் போயின. அங்கவடி இல்லாமல் சுற்றினார். சேணம் இல்லாமல் சுற்றினார். பெருமழை பெய்து ஓய்ந்து, களத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஏதோ ஒரு நாள் மைனா நின்றபோது வைத்தியரும் கூடவே நின்றார். அது என்றைக்கு என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

இறங்கியதும் ராவுத்தர் கையை நீட்டுவது மட்டும் மாறவில்லை.

"எப்படி இருக்கு?"

"தெரியல. என்னோடதுதான் இன்னும் கேக்குது."

"நாளைக்கி வாங்க."

ஒரு நாள் வைத்தியர் மைனாவைத் தானாகவே நிறுத்தினார்.

"பின்னங்கால், வலது பக்கம். பிந்தி விழுது. தாங்கித் தாங்கி வைக்குது" என்றார்.

ராவுத்தர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார். குளம்படியின் பள்ளத்தில் ஒரு பொடிக்கல் செருகியிருந்தது. அதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வைத்தியரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயலவில்லை.

"இப்ப குதிரை மாயமாப் போனா?" என்று கேட்டார்.

வைத்தியர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். தோளுக்கு நேரே இடுப்பு இருந்தது. இடுப்புக்கு நேரே குதிகால் இருந்தது.

"கால்தான் தரையில படும். அப்படியே நின்னுக்கிட்டு இருப்பேன்."

அன்று செவலையின் மேல் ஏறச் சொன்னார் ராவுத்தர். செவலை வைத்தியரை விட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டிக்கொண்டே போனது. குளக்கரை வரைக்கும் பாய்ச்சலில் போய்த் திரும்பினார்கள்.

இறங்கினார். ராவுத்தர் கையை நீட்டினார்.

வைத்தியர் மூன்று விரலையும் வைத்துக் கண்ணை மூடினார்.

"நல்லா இருக்கு" என்றார். "உங்களோடதுதான் கேக்குது. ஒரு குறையும் இல்ல. லேகியம் வேண்டாம்."

"கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க" என்றார் ராவுத்தர்.

*

தை பிறந்து கொஞ்ச நாளில் தேனூத்திலிருந்து உலகம்மாளின் கொழுந்தன் ஓடி வந்தான். உச்சி வெயில். அவனால் பேச முடியவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வைத்தியர் பையை மாட்டிக்கொண்டு செவலைமேல் ஏறினார்.

மலைப்பாதை ஏறத் தொடங்கியதுமே அவருடைய உடம்பு பழைய வேலையைக் காட்டியது. தோள் முன்னே போனது. தாடை முன்னே போனது. மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் அலறுவது காதில் கேட்டது. முழங்கால்கள் இறுகின.

செவலை தலையை உதறியது. ஓடை ஓரத்துப் பாசிப் பாறையில் அதன் முன்னங்கால் சறுக்கியது. ஒரு கணம் கீழே பள்ளம் மட்டும் தெரிந்தது.

நீங்க எங்க இருக்கீங்க?

கேட்டது யாருமில்லை. ராவுத்தர் மலைக்குக் கீழே களத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

வைத்தியருக்குப் பயமாக இருந்தது. மகளுக்காகப் பயந்தார், தன் விரல்களை நினைத்து அதைவிடப் பயந்தார். அந்தப் பயத்தோடே இடுப்பைச் சேணத்துக்கு இறக்கினார். முழங்காலை விட்டார். மூச்சை வயிறு வரைக்கும் இழுத்து விட்டார். செவலையின் முதுகு வலது பக்கம் ஏறியது. இடது பக்கம் ஏறியது.

குதிரை காலை ஊன்றிக்கொண்டது. பாறையைத் தாண்டியது. இறக்கத்தில் பாய்ச்சல் எடுத்தது.

வைத்தியர் குதிரைமேல் இருந்தார்.

*

சம்பந்தி வீட்டு வாசலில் கூட்டம். மருத்துவச்சி வெளியே ஓடி வந்தாள்.

"வைத்தியரே, பொண்ணு தாங்க மாட்டா. சீக்கிரம் வலிக்குக் குடுங்க. போன தடவ குடுத்தீங்கள்லா, அதையே குடுங்க!"

வைத்தியர் இறங்கினார். கயிற்றை யாரோ வாங்கிக்கொண்டார்கள். உள்ளே போனார்.

உலகம்மாள் பாயில் கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை. கண் மூடியிருந்தது. வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று விரலையும் வைத்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அவசரப்படவில்லை. பிறகு வந்தது. தொலைவிலிருந்து யாரோ நடந்து வருவது மாதிரி வந்தது. களைத்திருந்தது, ஆனாலும் காலை ஊன்றித்தான் நடந்தது.

இது அவளுடையது.

"கஷாயம் எங்க?" என்றாள் சம்பந்தியம்மாள்.

"வேண்டாம்."

"வேண்டாமா? புள்ள துடிக்கிறது தெரியலியா?"

"தெரியுது. இன்னும் நேரம் ஆகல. கஞ்சித்தண்ணி கொண்டாங்க. நேரம் வந்ததும் நான் சொல்லுதேன்."

சம்பந்தியம்மாள் சத்தம் போட்டாள். மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாள். வைத்தியர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விரலையும் எடுக்கவில்லை. வெயில் வாசலிலிருந்து கூரைக்கு ஏறியது. பிறகு கூரையைவிட்டும் போனது.

விளக்கேற்றும் நேரத்தில் அவர் விரலுக்குள் அந்த நடை மாறியது.

"இப்ப" என்றார். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத புதுக்குரல். இந்த உலகத்தின்மேல் அதற்கு அப்படி ஒரு கோபம்.

வைத்தியர் செவலையின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதார்.

கூப்பிட்ட பிறகு உள்ளே போனார். உலகம்மாள் பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை கிடந்தது. அவளிடம் சொல்ல வேண்டியதை மலை நெடுகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். இப்போது அதில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.

"தாயி" என்றார். "போன தடவ நான்..."

"தெரியும்பா" என்றாள் உலகம்மாள். கண்ணைத் திறக்கவில்லை. அவர் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள். "போன தடவ உங்க விரல்தான் என் கையில தட்டுச்சு. அன்னைக்கே தெரியும்."

வைத்தியர் அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"இன்னைக்கு விரல் சும்மா இருந்துச்சே" என்றாள். "ஓடி வரலியாப்பா?"

"இல்ல தாயி" என்றார் வைத்தியர். "உக்காந்து வந்தேன்."